முதலில் நீங்க போங்க

பாலம் மறுபடியும் விழுந்தது. எங்கள் பக்க முனையிலிருந்து ஒவ்வொரு பலகையாக, நனைந்த பிஸ்கட் உடைவதுபோல, சத்தமின்றி விழுந்தது. பச்சை உடை அணிந்த வீரரும் ஆரஞ்சு உடை அணிந்த வீரரும் அதன் முன்னால் அசையாமல் நின்றிருந்தார்கள். பச்சை, அண்ணி. ஆரஞ்சு, நான்.

"நீங்க போயிருக்கலாமுங்களே," என்றார் அண்ணி.

"நீங்கதான் முன்னால நின்னீங்க. நீங்க போவீங்கன்னு இருந்தேன்."

"நீங்க மொதல்ல போகட்டும்னு தானுங்க நான் நின்னதே."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் இரும்புப் பறவை ஒன்று தாழப் பறந்து வந்து இருவரையும் முடித்துவைத்தது. திரை கறுத்தது. கோட்டையின் முதல் வாசல் மீண்டும் தோன்றியது. அந்தச் சிறிய இசைத்துணுக்கு, எதுவுமே நடக்காததுபோல, முதலிலிருந்து தொடங்கியது.

ஆடி மாதத்துப் பிற்பகல் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடிச் சன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நனைக்காத சாரல். மருதமலை மேகத்துக்குள் போயிருந்தது. படக்குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் கையிலுள்ள பூனைமுடிகள் எழுந்து நின்றன. சூடேறிய தூசியின் மணம் அறை முழுக்க இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் படித்த புத்தகங்களைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். 'உங்கள் வீட்டில் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் கிடையாதா' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருந்தது. ஒரு டிவி கேம் இருந்தது.

இரண்டு பக்கத் தேர்வு

அண்ணியின் பெயர் பிரபா. என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் இந்த உறவுக்கு நங்கையா என்று ஒரு சொல் உண்டு; அம்மா இன்றும் அதைத்தான் சொல்லச் சொல்வார். என் நாவுக்கு அது வசப்படவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்றாலும், அவர் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நானும் அப்படியே. ஒரே வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் விருந்தாளியைப்போலவே நடத்திக்கொண்டிருந்தோம். நான் இயல்பிலேயே குறைவாகப் பேசுபவள். அவரும் அப்படியோ என்று நினைத்திருந்தேன்.

திருமணத்துக்கு முன் அவர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தார். பிறர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்லும் வேலை. திருமணத்தோடு அது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் தொடரச் சொல்லவும் இல்லை.

அந்த ஆடியில் அண்ணன் பம்ப் கம்பெனி வேலையாக ஆப்பிரிக்காவில் இருந்தார். அப்போதுதான் அண்ணி, வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அவர்கள் பழைய பாணியில் ஓர் ஆக்‌ஷன் விளையாட்டைப் புதிதாகச் செய்ய முனைந்திருந்தார்கள். ஆகவே ஒரு தேர்வு வைத்தார்கள்: பழைய ஆக்‌ஷன் விளையாட்டு ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பதினெட்டாம் பெருக்குக்குக் கொடுமுடியிலுள்ள தன் அம்மா வீட்டுக்கு அண்ணி போவதற்கு முன் அதை அனுப்பியாக வேண்டும்.

இந்தச் செய்தி அண்ணனுக்குத் தெரியும். 'உன்ற இஷ்டம்' என்று போனில் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தெரியாது.

"நீங்க விமர்சனம் படிக்கறவங்க," என்றார் அண்ணி, மாடியறைக் கதவருகே நின்றபடி. "எனக்குக் குறை மட்டுந்தானுங்க எழுத வரும். நிறையெல்லாம் எழுதிப் பழக்கமில்ல."

எங்கள் எம்.ஏ. இலக்கிய வகுப்பில் நிலைமை நேர்மாறு. அங்கே எல்லோருக்கும் நிறை மட்டுமே எழுத வரும். அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்ததை நான் கேட்டது அநேகமாக அதுவே முதல் முறை.

அண்ணன் சிறுவயதில் விளையாடிய பெட்டி பரணில் இருந்தது. கேசட்டைச் செருகினால் படம் நடுங்கியது. பழைய பஸ் டிக்கெட் ஒன்றை மடித்து இடுக்கில் வைத்து அழுத்தியபின் நிலைத்தது. மேலட்டை கிழிந்துபோயிருந்ததால் விளையாட்டின் பெயர் தெரியவில்லை. கோட்டை கேம் என்று வைத்துக்கொண்டோம்.

நிறை

இரண்டு வீரர்கள் ஒரு கோட்டைக்குள் இடமிருந்து வலமாக ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், குதிக்கிறார்கள். அவ்வளவே. யார் கட்டிய கோட்டை, இவர்களுக்கு அங்கே என்ன பகை, உள்ளே யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சொல்லப்படுவதே இல்லை. கதை என்ற ஒன்றை எதிர்பார்த்துப் பழகிய எனக்கு அது முதலில் குறையாகப் பட்டது. நாள் செல்லச் செல்ல, பெயர் தெரியாத இடத்தில் காரணம் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பது கனவின் இலக்கணத்துக்குப் பொருத்தமாகவே தோன்றியது. கனவில் யாரும் முன்கதை கேட்பதில்லை.

இந்தக் காலத்து விளையாட்டுகள் தொடக்கத்திலேயே அரைமணி நேரம் பாடம் நடத்துகின்றன. கோட்டை கேம் எதையும் விளக்கவில்லை. முதல் எதிரி தனியாக, மெதுவாக நடந்து வந்தான், சுடக் கற்றுக்கொண்டோம். முதல் பள்ளம் அகலம் குறைந்ததாக இருந்தது, குதிக்கக் கற்றுக்கொண்டோம். பாடம் நடந்ததே தெரியாமல் பாடம் முடிந்திருந்தது. "இத மொதல்ல எழுதுங்க," என்றேன். அண்ணி மடிக்கணினியில் தட்டிக்கொண்டார்.

பொத்தானை அழுத்திய கணத்திலேயே வீரன் குதித்தான். நடுவில் கால் அகட்டுவதோ மூச்சிழுப்பதோ இல்லை. வெண்பாவில் தளை தட்டினால் காது உடனே சொல்லிவிடும் அல்லவா, அதுபோல இதில் தவறிக் குதித்தால் தவறு யாருடையது என்பதில் ஐயமே எழாது.

எதிரிகள் எப்போதும் அதே இடத்தில்தான் தோன்றினார்கள். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

"மனப்பாடம் பண்ணிப்போட்டா முடிஞ்சுதுங்க. அப்பறம் என்ன இருக்குது?" என்றார் அண்ணி.

"சொன்ன சொல்லக் காப்பாத்துதுங்க அண்ணி. மூணாவது தூணுக்குப் பின்னால ஆளு இருப்பான்னா இருப்பான்."

"அப்படிப் பாத்தா என்ற மாமனார் ஸ்கூட்டர்கூடத்தான் சொன்ன சொல்லக் காப்பாத்துது. தெனமும் அதே எடத்துலதான் நிக்குது."

என் அப்பாவின் ஸ்கூட்டர் அப்போது பட்டறையில் இருந்தது. இருவரும் கீழே கேட்காதபடி சிரித்தோம்.

மெதுவாகிப் போன காலம்

கோட்டையின் உள்முற்றத்தில் எதிரிகள் கூட்டமாக வருவார்கள். அத்தனை பேரையும் அந்தச் சிறிய பெட்டியால் தாங்க முடியாது. உடனே எல்லாம் மெதுவாகிவிடும். குண்டுகள் தண்ணீருக்குள் போவதுபோல மிதந்து போகும். குதித்தவன் காற்றிலேயே சற்று யோசித்துவிட்டு இறங்குவான். இசைகூட இழுபட்டு, வேறு ஏதோ ராகமாக மாறும்.

டெஸ்டர் கண்ணுக்கு இது பெரிய ஓட்டை. அண்ணி அதைக் குறைகளின் தலைப்பில் எழுதினார். நான் ஏற்கவில்லை. வாழ்க்கையில் ஆபத்து எப்போதும் வேகமாக வந்துவிடுகிறது. நமக்குத் தேவைப்படும் இடத்தில் காலம் ஒருபோதும் நிதானிப்பதில்லை. இங்கே, கருவியின் இயலாமையாலேயே, ஒரு கருணை நிகழ்ந்திருந்தது. எல்லாப் பக்கமும் சூழப்பட்ட அந்தக் கணத்தில் ஒவ்வொரு குண்டையும் தனித்தனியாகப் பார்த்து விலக முடிந்தது.

அந்தப் பிற்பகல்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த மெதுவான முற்றம்தான். சன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகள் காற்றில் பாய்ந்துகொண்டிருந்தன. உள்ளே எல்லாம் மிதந்துகொண்டிருந்தது. அண்ணியின் கொலுசு தரையில் உரசும் ஓசை மட்டும் உலகத்தின் வேகத்தில் இருந்தது.

கடைசியில் சமரசமாகி அதைக் குறையென்றே எழுதி, 'இதைத் திருத்த வேண்டாம்' என்று பக்கத்தில் குறித்தோம்.

ஆரஞ்சு வீரன்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சிறுமியாக இருந்தபோது இதே விளையாட்டை அண்ணனோடு ஆடியிருக்கிறேன். அப்போதும் அவர் பச்சை, நான் ஆரஞ்சு. அவர் வேகமாக ஓடுவார். திரை அவருடன் ஓடும். நான் இடது ஓரத்தில் சிக்கி, திரையின் விளிம்பே சுவராக மாறி என்னை நெருக்க, செத்துப்போவேன். 'நீ ஏம்புள்ள இப்படி நிக்கறே' என்று கேட்பார். கோபத்தில் கேட்டதில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியாது. எனக்கும் புரியாது. ஆரஞ்சு வீரனின் கால்கள் கொஞ்சம் மெதுவானவை என்றும், அவனைத் தேர்ந்தெடுத்த நானும் மெதுவானவள் என்றும் முடிவுகட்டியிருந்தேன். பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்கு நான் பெயர் கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அண்ணி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"இங்க பாருங்க. இந்தத் திரை மொத ஆளை மட்டுந்தான் பாக்குது. ரெண்டாவது ஆளு இருக்கறதையே அது கணக்குல எடுத்துக்கறதில்ல. நீங்க எத்தன நல்லா ஆடினாலும் நான் ஓடினா நீங்க செத்தீங்க."

ஜாய்ஸ்டிக்கை மாற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தோம். இப்போது நான் பச்சை. நான் ஓட, அண்ணியின் ஆரஞ்சு வீரன் ஓரத்தில் நசுங்கிச் செத்தான்.

இத்தனை ஆண்டுகளாக என் குறை என்று நான் சுமந்திருந்தது, யாரோ எங்கோ அவசரத்தில் செய்துவிட்ட ஒரு கட்டுமானக் குறை.

"எழுதிக்கட்டுங்களா?" என்றார் அண்ணி.

"எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க."

அவர் தட்டச்சு செய்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்டர்வியூல ரெண்டு வருச இடைவெளின்னா என்னமோ எனக்குத்தான் மூளை துருப்புடிச்ச மாதிரி கேப்பாங்க. அந்தக் கேள்விக்குத்தானுங்க பயமா இருக்குது."

அவர் என்னிடம் சொன்ன முதல் அந்தரங்கம் அது. பச்சை ஜாய்ஸ்டிக்கை அவரிடம் நீட்டினேன்.

பாலம்

எல்லாம் கடந்தபின்னும் பாலம் மட்டும் எங்களுக்கு வசப்படவில்லை. அது திரையில் தோன்றிய சில நொடிகளில் தானாகவே உதிரத் தொடங்கும். அகலம் ஓர் ஆளுக்கு மட்டும். ஒருவர் முன்னே போக, மற்றவர் உடனே தொடர வேண்டும். தயங்கினால் இருவருக்கும் வழியில்லை.

வேறு எந்த ஊரிலாவது இது ஓர் எளிய பாலமாக இருந்திருக்கும். நாங்களோ கதவு, பந்தி, கைகழுவும் குழாய் என்று எந்த இடத்திலும் அடுத்தவரை முன்னே விட்டே வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டு விசேஷங்களில் வாசலில் இரண்டு உறவினர்கள் 'நீங்க போங்க', 'இல்லீங்க நீங்க போங்க' என்று நின்று, பின்னால் வருபவர்கள் தெருவரை தேங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். பாலத்தருகே வந்ததும் எங்கள் இருவரின் விரல்களும் தாமாகவே நின்றுவிடும்.

"இத எழுதலாமுங்க," என்றேன். "யாரோ ஒருத்தர் கேக்காமயே முன்னால போயிருவாங்கன்னு நம்பிக் கட்டியிருக்கறாங்க. அது குறைதான்."

"அய்யோ, வேண்டாமுங்க. படிச்சா சிரிப்பாங்க. இது கேமுல இருக்கற தப்பில்லீங்க, நம்மகிட்ட இருக்கற தப்பு."

"ஆரஞ்சையும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

அவர் ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார். அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 'சித்தெ இருங்க, நானே சொல்றேன்' என்று தினமும் சொல்வார். நானே சொல்லிவிடலாம் என்றால், அது அவர் சொல்ல வேண்டிய செய்தி. அவர் சொல்லும்வரை நான் வாய்திறப்பது மரியாதையில்லை. அவருக்கோ, அத்தை கேட்காமல் தானாகச் சொல்வது மரியாதையில்லை.

அம்மா மாடிக்கு வந்தது

சாரல் வலுத்த ஒரு பிற்பகலில், மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு அம்மா இறங்கி வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. பாலம் வந்திருந்தது.

"போங்க அண்ணி, போங்க."

"இல்லீங்க, இந்தவாட்டி நீங்க போங்க."

"உங்களுக்குத்தானுங்க முக்கியம். நீங்க போங்க."

"எங்க போறதுக்கு ரெண்டு பேரும் இத்தன நாயம் பேசறீங்க?" என்றது கதவருகில் ஒரு குரல்.

கைகள் நிறைய ஈரத்துணியோடு அம்மா நின்றிருந்தார். பாலம் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். பறவை வரும் ஓசை கேட்டது.

"வேலைக்குங்க அத்தை," என்றார் அண்ணி.

நாங்கள் பேசியது பாலத்தைப் பற்றி, அண்ணி சொன்னது வேறு. ஆனால் அம்மா அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டார். துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன வேலை?"

"இந்த மாதிரி கேமெல்லாம் ஆடிப் பாத்து, அதுல என்னென்ன தப்பு இருக்குதுன்னு சொல்லோணுங்க."

"தப்புக் கண்டுபுடிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?"

"ஆமாங்க அத்தை."

"நான் இந்த ஊட்டுல இத்தன வருசமாச் சும்மா பண்ணீட்டிருக்கறனே."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். அம்மா ஒரு சட்டையை எடுத்து உதறினார்.

"ஏங்கண்ணு, நீ ஏன் இதுநாள் வரைக்கும் சொல்லல? கல்யாணமாயி வந்ததும் வேலைய உட்டுப்போட்டே. அலுப்பாக்கும், ரெண்டு மாசங்கழிச்சுப் போவீன்னு நெனச்சேன். நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க அத்தை. நீங்க ஒண்ணுமே கேக்கல. அதனால, போறது உங்களுக்குப் புடிக்காதோன்னு..."

"நான் கேட்டா, சம்பாதிச்சுப் போடச் சொல்றேன்னு நெனச்சுக்குவியோன்னு நான் கேக்கல."

சாரல் சன்னல் கம்பியில் கோத்து நின்றது. இரண்டு ஆண்டுகள் இப்படியே போயிருக்கின்றன, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமல்.

அம்மா கீழே போனபின் அண்ணி மடிக்கணினியைத் திறந்தார். குறைகளின் முதல் வரியாகப் பாலத்தைச் சேர்த்தார். என் வாக்கியத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். நான் திருத்த எதுவும் இருக்கவில்லை.

பாலத்தைப் பற்றி ஒரு கேள்வி

பதினெட்டாம் பெருக்கு முடிந்து அண்ணி கொடுமுடியிலிருந்து திரும்பிய வாரத்தில் நேர்காணல் இருந்தது. அவர் அதை எங்களுக்கு விவரித்தது சமையலறையில். அம்மா அரசாணிக்காய் என்கிற பரங்கிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்களாம். இடைவெளியைப் பற்றி அந்தப் பெண் கேட்டிருக்கிறார். "வேலை செய்யாம இருந்தனுங்க, மறந்துபோகாம இருந்தனுங்கன்னு சொன்னேன்," என்றார் அண்ணி. அதற்குமேல் அந்தப் பெண் அதைக் கிளறவில்லை.

ஆண்தான் பாலத்துக்கு வந்திருக்கிறார். சிரித்துக்கொண்டே, 'இது கேமோட தப்பா, உங்க ஊரோட தப்பா' என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்றார் அம்மா.

"ஊருல தப்பிருந்தா அத மாத்தறதுக்கு எனக்குச் சம்பளம் குடுப்பீங்களான்னு கேட்டனுங்க."

அம்மாவின் கத்தி நின்றது. "அப்படியேவா கேட்டே?"

"மரியாதையாத்தானுங்க கேட்டேன்."

'சரி, நீங்களாக இருந்தால் அந்தப் பாலத்தை எப்படித் திருத்துவீர்கள்' என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். அண்ணி சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"ஆரு மொதல்ல போனாலும் சரிங்க. ரெண்டாவது ஆளு தாண்டற வரைக்கும் பாலம் நிக்கோணும்."

அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்களாம்.

அம்மா மீண்டும் நறுக்கத் தொடங்கினார். அரசாணிக்காயின் பச்சை மணம் எழுந்தது. "வேலைக்கு எப்ப வரச்சொல்லியிருக்கறாங்க?"

"திங்கக்கெழமைங்க அத்தை. ஒம்பதரைக்கு."

"திங்கக்கெழம ஏழரைலருந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம். அதுக்கு முன்னாடியே ஊட்ட உட்டு எறங்கீரு. அங்க போயிச் சித்தெ உக்காந்துக்கலாம்."

"சரிங்க அத்தை."

அந்தத் திங்கட்கிழமை காலையில் மருதமலை முழுவதுமாகத் தெரிந்தது. நான் காபி குடித்த டம்ளரோடு கீழே இறங்கி வந்தபோது அம்மா இன்னும் பூஜையறையில் இருந்தார். யாரும் 'நீங்க போங்க' என்று சொல்லக் காத்திராமல் அண்ணி வாசற்படியில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.